வாயைத் திறக்கக் கற்றுக்கொடுப்போம்

(தாராவியில் நடந்த சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில், கல்லூரி மாணவர்கள், பெற்றோர்கள் முன்னிலையில் ரயில்வே ஊழியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று பேச எங்களை அழைத்தபோது ஒரு தோழர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீங்களே பத்தாவது படித்தவர்கள். பட்டதாரிகளுக்கு நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். எங்களுக்குப் பட்டம் கிடையாது. மெட்ரிகுலேஷன் பாஸ் செய்து ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். டிக்கெட் கவுன்டரிலும் பார்சல் ஆபீசிலும் இருபது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறோம். கல்லூரி என்ன சொல்லித் தருகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. வேலை என்ன கேட்கும் என்பது தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

முதலில் ஒரு நடந்த சம்பவம். நம் குடியிருப்பைச் சேர்ந்த பெண் ஒருத்தி. தகப்பனார் தோல் பைக் கூடத்தில் தையல் வேலை. தாயார் விடியற்காலையில் இட்லி அவித்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிறவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள். பி.காம். முதல் வகுப்பில் தேறினாள். அந்தேரியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. மாதம் 16,000 ரூபாய். அன்று நம் சந்து முழுவதும் லட்டு கொடுத்தார்கள். நாங்களும் வாங்கித் தின்றோம்.

மூன்றாவது வாரம் அவள் கை தவறி ஒரே பில்லை இரண்டு முறை பதிந்துவிட்டாள். இரண்டு முறையும் பணம் போய்விட்டது. மறுநாளே அது அவள் கண்ணில் பட்டது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது நாள் மனதில் வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள். கணக்கு முடிக்கும்போது மேலாளர் கண்டுபிடித்தார். "தப்பு எல்லோரும் செய்வதுதான். அதை ஏன் மறைத்தாய்?" என்று கேட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை பார்த்த நாட்களின் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள். போய்க் கேட்கலாம் என்றால் அவள் கையில் நியமன உத்தரவு என்று ஒரு காகிதம்கூட இல்லை.

தாயும் மகளும் சங்க அறைக்கு வந்தார்கள். "ஏம்மா, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டோம். அந்தப் பெண் சொன்ன பதிலை நாங்கள் மறக்கமாட்டோம். "யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை மாமா. இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அம்மா வேறு, போகிற இடத்தில் வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினாள்."

தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்களுக்கும் தலை குனிந்தது. ஏன் தெரியுமா? லட்டு வாங்கிய அன்று நாங்களும் அந்தப் பெண்ணிடம் அதையேதான் சொன்னோம். "அடக்கமாக இரு. சொன்ன வேலையைச் செய். நல்ல பெயர் எடு" என்று வாழ்த்தினோம். தப்பு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

தோழர்களே, வாயைத் திறக்காதே என்ற பாடம் நமக்கு எங்கிருந்து வந்தது? பிழைக்க வந்த ஊரில் பட்ட பாடு கற்றுக்கொடுத்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர்கள் இந்தத் தாராவிக்கு வந்துவிட்டார்கள். நாற்றத்திலும் சகதியிலும் நின்று உழைத்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. பேசாமல் இருந்தவன் கூலி வாங்கினான். பேசியவன் மறுநாள் வெளியே நின்றான்.

இன்னொரு பக்கம், டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறி மாட்டுங்காவில் வந்து இறங்கியவர்கள் இருந்தார்கள். அந்நாள் பம்பாய்க் கம்பெனிகளில் தமிழ்க் குமாஸ்தாவுக்குக் கிராக்கி. அதற்கும் ஒரு காலம் வந்தது. 1966இல் சிவசேனை தோன்றியபோது, ஆபீஸ் வேலைகளில் தென்னிந்தியர் நிறைந்திருக்கிறார்கள் என்பதே அதன் முதல் குற்றச்சாட்டு. 'மார்மிக்' வார இதழில் கம்பெனி கம்பெனியாக அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல் போட்டார்கள். அந்த நாட்களில் நம் பெரியவர்கள் தெருவில் தமிழில் உரக்கப் பேசவும் தயங்கினார்கள். 'இருக்கிற இடம் தெரியாமல் இரு' என்பது அன்று உயிர் காத்த புத்தி. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் அன்றைக்குக் காத்த புத்தி இன்றைக்குப் பிள்ளைகளின் காலை வாருகிறது. கூலி வேலையில் கை பேசினால் போதும். ஆபீஸ் வேலையில் வாயும் பேச வேண்டும். தெரியாததைக் கேட்க வாய் வேண்டும், தப்பைச் சொல்ல வாய் வேண்டும், தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கவும் வாய் வேண்டும். இந்த மூன்றும்தான் முதல் உத்தியோகத்துக்கு வேண்டிய திறமை என்று நாங்கள் சொல்கிறோம். மற்றதெல்லாம் ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும்.

வெறும் பேச்சாக இல்லாமல் எங்கள் கவுன்டரிலிருந்தே காட்டுகிறோம். டிக்கெட் குமாஸ்தா பணிக்கு உட்காரும்போது முதலில் செய்வது என்ன? தன் சட்டைப் பையில் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. பிறகு சோதனைக்கு யார் வந்தாலும் பயமில்லை. இது முதல் பாடம்: தொடங்கும்போதே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு. 'இந்த வேலை எனக்குத் தெரியும், இது தெரியாது, ஒரு முறை காட்டுங்கள்' என்று முதல் நாள் சொல்வதில் கேவலம் இல்லை. ஆறாவது மாதம் சொன்னால்தான் கேவலம்.

ஷிப்ட் முடிந்ததும் கணக்கை நேர் செய்கிறோம். விற்ற டிக்கெட்டுக்கும் பெட்டியில் உள்ள பணத்துக்கும் சரியாக இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தால் நூறு ரூபாயை நாங்கள்தான் கட்ட வேண்டும். ஆகையால் தப்பை அன்றன்றே பிடிக்கிறோம். இரண்டாவது பாடம் இது: உன் வேலையை நீயே சரிபார். தப்பு தெரிந்தால் அன்றே, அந்த மணியே, மேலே உள்ளவரிடம் சொல். 'இன்ன தப்பு நடந்தது, இப்போது நிலைமை இது, சரிசெய்ய இன்னது செய்யலாம்' என்று மூன்று வாக்கியம் போதும். அந்தப் பெண்ணுக்கு இந்த மூன்று வாக்கியத்தை யாராவது கற்றுக்கொடுத்திருந்தால் அவள் இன்றும் அந்த நாற்காலியில் இருந்திருக்கலாம்.

அடுத்த ஆள் வந்தால் சார்ஜ் ஒப்படைக்கிறோம். எது முடிந்தது, எது பாக்கி, எந்த இயந்திரம் தகராறு செய்கிறது என்று சொல்லாமல் எழுந்து போகக் கூடாது. மூன்றாவது பாடம்: நீ செய்வது சங்கிலியில் ஒரு கண்ணி. உனக்குப் பின்னால் வருகிறவன் திண்டாடாமல் இருக்க எழுதி வைத்துவிட்டுப் போ. லீவு எடுப்பதானால் முன்கூட்டிச் சொல். சொல்லாமல் நின்றுவிட்டு மறுநாள் தலையைச் சொறியாதே.

இவற்றில் எதற்குக் காசு வேண்டும்? எதற்குக் கோட்டும் டையும் வேண்டும்? இதைச் சொல்லும்போது சங்கத்தின் தவறு ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஆளுமை வளர்ச்சி வகுப்பு என்று ஒரு தனியார் இடத்துக்கு நம் பிள்ளைகளைச் சங்கமே சிபாரிசு செய்து அனுப்பியது. சில வீடுகளில் கம்மலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார்கள். பிள்ளைகள் என்ன கற்று வந்தார்கள்? கை குலுக்கவும், கண்ணாடி முன் நின்று சிரிக்கவும், 'என் பலம் இது, என் பலவீனம் இது' என்று மனப்பாடம் ஒப்பிக்கவும் கற்று வந்தார்கள். ஒரு லீவு லெட்டர் எழுதச் சொன்னோம், வரவில்லை. அந்தச் சிபாரிசு எங்கள் பிழை. இனிமேல் அப்படி ஒரு நோட்டீசு சங்கப் பலகையில் ஒட்டப்படாது.

இனி மறு பக்கத்தையும் பார்ப்போம். இன்று எங்கே போனாலும் ஒரே பல்லவி: 'பட்டதாரிகள் இருக்கிறார்கள், திறமைதான் இல்லை.' இதைச் சொல்கிறவர்கள் யார்? பயிற்சி கொடுக்க ஒரு ரூபாய் செலவழிக்க மனமில்லாத முதலாளிகள். அகில உலகத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற இளைஞர்களில் 29.1 சதவீதம் பேருக்கு வேலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்தான். படிக்காதவன் சும்மா இருந்தால் அன்றைக்குச் சோறில்லை, ஆகவே கிடைத்த கூலிக்குப் போகிறான். படித்தவன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறான். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் திறமை இல்லாமல் போய்விட்டதா? வேலைகள் போதவில்லை என்ற உண்மையை மறைக்கப் பிள்ளைகள் மீது பழி போடுகிறார்கள்.

எங்கள் கதையைக் கேளுங்கள். நாங்கள் ரயில்வேயில் சேர்ந்தபோது டிக்கெட் கொடுக்கத் தெரிந்தா சேர்ந்தோம்? தூரத்துக்குக் கட்டணம் பார்க்கத் தெரியாது. பார்சலுக்கு ரசீது போடத் தெரியாது. பூசாவலில் மண்டலப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே படித்தோம், பரீட்சை எழுதினோம். பிறகு ஒரு மூத்த குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகினோம். அதன் பிறகுதான் தனியாகக் கவுன்டர் கொடுத்தார்கள். அட்டை டிக்கெட் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் பழகினோம். மெட்ரிக் படித்தவனுக்கு இது முடியுமானால் பட்டதாரிக்கு முடியாதா? வேலைக்கு எடுப்பவன் வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இது தர்மம் அல்ல, அவன் கடமை.

அந்தக் கடமையைச் சட்டமே ஓரளவு சொல்கிறது. அப்ரன்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமா படித்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். 2014இல் செய்த திருத்தத்தால் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படித்தவர்களும் அப்ரன்டிஸாகச் சேரலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆட்தொகையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 2019இல் வந்த விதிகள் பட்டதாரி அப்ரன்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் மத்திய அரசு வாரியத்தின் மேற்கு மண்டல அலுவலகம் எங்கோ இல்லை. நம் பக்கத்தில், சயானில், ஏ.டி.ஐ. வளாகத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தப் படியை மிதித்திருக்கிறோம்? காசு பிடுங்கும் ஏஜெண்டு வீட்டுக்கு வழி தெரிகிறது. காசு கேட்காத அரசு அலுவலகத்துக்கு வழி தெரியவில்லை.

அதே சமயம் எச்சரிக்கையும் வேண்டும். சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி அப்ரன்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். தொழிலாளிக்குரிய பாதுகாப்புகள் அவருக்கு முழுமையாக இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2018 மார்ச் 20 காலை உங்களுக்கு நினைவிருக்கும். ரயில்வேயில் அப்ரன்டிஸ் பயிற்சி முடித்த இளைஞர்கள் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடவில்லை. எங்களில் சிலர் அன்று கவுன்டரில் இருந்தோம். பயணிகள் எங்களை ஏசினார்கள். ஆனால் அந்தப் பையன்கள் கேட்டது என்ன? 'எங்களிடம் வேலை வாங்கினீர்கள், பயிற்சி கொடுத்தீர்கள், இப்போது 20 சதவீத ஒதுக்கீடு என்று சொல்லி மற்றவர்களைத் தெருவில் விடுகிறீர்களே' என்றுதான். அவர்களில் மராத்திப் பையன்கள் இருந்தார்கள், வடநாட்டுப் பையன்கள் இருந்தார்கள். முதல் வேலைக்கான ஏக்கத்துக்கு மொழி கிடையாது என்பதை அன்று பார்த்தோம்.

ஆகவே அப்ரன்டிஸாகப் போகிற தம்பி, கற்றுக்கொள்ளப் போ. ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பார். ஓராண்டு முழுக்க ஜெராக்ஸ் எடுக்கவும் டீ வாங்கவும் மட்டுமே வைத்தார்களானால் வாய் திறந்து கேள். சான்றிதழை வாங்காமல் வெளியே வராதே.

இப்போது தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சில காகித விஷயங்கள். முதல் வேலையில் சேரும் நாளில் நாலு காகிதம் பத்திரம்.

ஒன்று, நியமன உத்தரவு. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் தொழிற்சங்கங்கள் எதிர்க்கும் அம்சங்கள் பல உண்டு, நாமும் எதிர்க்கிறோம். ஆனால் எல்லாத் தொழிலாளருக்கும் நியமன உத்தரவு கொடுத்தாக வேண்டும் என்ற ஒரு வரி அதில் இருக்கிறது. அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சம்பளம் எவ்வளவு, வேலை என்ன, தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். 'வீட்டில் காட்டிவிட்டு நாளை கொண்டுவருகிறேன்' என்று சொல்வது குற்றமல்ல.

இரண்டு, சம்பளச் சீட்டு. கையில் வருவது ஒரு தொகை, காகிதத்தில் இருப்பது ஒரு தொகை. நடுவில் எது பிடிக்கப்பட்டது என்று தெரிய வேண்டும்.

மூன்று, பிராவிடண்ட் ஃபண்டு எண். நம்மிடம் 12 சதவீதம் பிடித்தால் முதலாளியும் தன் பங்காக 12 சதவீதம் கட்ட வேண்டும். அந்த எண் ஆயுள் முழுக்க ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் எண் மாறாது. பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று கைபேசியிலேயே பார்க்கலாம்.

நான்கு, ஈ.எஸ்.ஐ. அட்டை. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களை இத்திட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் முதல் சம்பளம் பெரும்பாலும் அதற்குள்தான். அட்டை இருந்தால் பிள்ளைக்கு மட்டுமல்ல, அவர்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு.

ஐந்தாவதாக, கொடுக்கக் கூடாத காகிதம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் அசல் சான்றிதழ். காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அசலைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்டிவைக்கும் இடங்கள் இந்த ஊரில் இருக்கின்றன.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலீஷ் வரவில்லை என்று நம் பிள்ளைகள் கூனிக் குறுகுகிறார்கள். பெரிய இங்கிலீஷ் வேண்டாம். கேட்கவும் சொல்லவும் எழுதவும் ஐம்பது வாக்கியம் தவறில்லாமல் வந்தால் முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். மராத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் மொழியில் 'இதை எப்படிச் செய்வது?' என்று கேட்டால் அவர் சொல்லிக்கொடுப்பார். எங்களுக்குப் பார்சல் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மராத்தியக் குமாஸ்தாதான். பத்திரிகைப் பட்டியல் ஒரு நாள் பிரித்த நம்மை, வேலை தினமும் சேர்த்து வைக்கிறது.

பேசிவிட்டுக் கலைந்து போக நாங்கள் வரவில்லை. அடுத்த ஞாயிறு முதல் பன்னிரண்டு வாரம், மாலை 5 மணிக்கு, சங்க அறையில் வகுப்பு நடக்கும். கட்டணம் கிடையாது. பாடம் எடுக்கப் போகிறவர்கள் வெளியாட்கள் அல்ல, நம் ஆட்கள்தான். ஆஸ்பத்திரியில் இருபது ஆண்டு நர்சு வேலை பார்த்த அக்கா, இரவு டியூட்டி ஒப்படைப்பதை எப்படி எழுதுவது என்று சொல்லித்தருவார். பஸ் கண்டக்டர் தோழர், கோபமாக இருக்கும் ஆளிடம் எப்படிப் பேசுவது என்று காட்டுவார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தோல் பைக் கூடம் நடத்தும் அண்ணாச்சி, ஆர்டரை எழுத்தில் வாங்காமல் ஏமாந்த கதையைச் சொல்வார். நாங்கள் விண்ணப்பமும் லீவு லெட்டரும் கணக்குச் சரிபார்ப்பும் எடுக்கிறோம். சங்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் இரண்டிலும் எக்செல்லும் மெயிலும் பழகலாம்.

பெற்றோர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பிள்ளை முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, 'வாயைத் திறக்காதே' என்று சொல்லி அனுப்பாதீர்கள். 'தெரியாவிட்டால் கேள். தப்பு நடந்தால் அன்றே சொல். வீட்டிலும் வந்து சொல், அடிக்கமாட்டோம்' என்று சொல்லி அனுப்புங்கள். வேலை போய்விட்டால் வீட்டில் முகம் கொடுக்கமாட்டார்கள் என்ற பயம்தான் அந்தப் பெண்ணைப் பத்தொன்பது நாள் ஊமையாக்கியது.

அவள் கதையை அவள் சம்மதத்தின் பேரில்தான் சொன்னோம். நியமன உத்தரவு இல்லாவிட்டாலும் கைபேசியில் வந்த செய்திகளைப் படியெடுத்து, சங்கம் அந்தக் கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதியது. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு பாக்கிச் சம்பளம் வந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது வேறோர் இடத்தில் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த அன்று நியமன உத்தரவை முதலில் வாங்கிக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். இதோ மூன்றாவது வரிசையில் தாயார் பக்கத்தில் இருக்கிறாள். அடுத்த ஞாயிறு முதல் பாடத்தை நாங்கள் எடுக்கவில்லை, அவள்தான் எடுக்கப் போகிறாள். பாடத்தின் தலைப்பு: 'செய்த தப்பைச் சொல்வது எப்படி?'

எல்லோரும் வாருங்கள். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பக்கத்துக் கோலியில் மராத்தி, கன்னடப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!